சொல்லைப் பிரித்துப் படிப்போம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்)

முதற்பகுதித் தமிழ் வகுப்பில் நாம் சொல்லைப் பிரிக்கிறோம். செய்யுள் என்றால் நேர், நிரை என்று அசை பிரிக்கிறோம். தனிச்சொல் என்றால் பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று பவணந்தியார் நன்னூலில் வகுத்துத் தந்த ஆறு உறுப்புகளையும் தேடி எடுக்கிறோம். மதிப்பெண்ணும் கைக்கு வருகிறது. மணி அடித்து வேதியியல் கூடத்துக்குள் நுழையும்போது மட்டும் அந்தக் கத்தியை வாசலிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போகிறோம். அங்கே எதிர்ப்படும் சொற்களோ எந்தச் செய்யுளிலும் காணாத நீளம் உடையவை. அவற்றை மென்று தின்னாமல் முழுதாக விழுங்குகிறோம். தேர்வு முடிந்த மறுநாள் மறந்தும் விடுகிறோம்.

இந்த வழக்கம் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கலாம். ஆனால் அதை மாற்றத் தொடங்க நம் கல்லூரியைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் கருத்து. அறிவியல் ஆசிரியர்கள் ஒரு புதிய சொல் வரும்போது அதை வேர் தெரியப் பிரித்துக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதன் பிறகே பாடத்துக்குள் போக வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

பிரிப்பதில் இரண்டு வகை உண்டு. நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். விருதுநகர் என்பதை யாப்பிலக்கணப்படி அசை பிரித்தால் விரு – துந – கர் என்று வரும். நிரை, நிரை, நேர், வாய்பாடு கருவிளங்காய். ஆனால் ‘துந’ என்பதற்கு ஒரு பொருளும் கிடையாது. பொருள் நோக்கிப் பிரித்தால் விருது – நகர். 1923-இல் இப்பெயர் சூட்டப்படும்வரை ஊரின் பெயர் விருதுப்பட்டி. பட்டி போய் நகர் வந்த கதை இரண்டாவது பிரிப்பில்தான் தெரிகிறது. பக்கத்து ஊரான சிவகாசி கொடுத்து வைத்த ஊர். சிவ – கா – சி என்று அசை பிரித்தாலும், சிவ – காசி என்று பொருள் பிரித்தாலும், முதல் வெட்டு ஒரே இடத்தில்தான் விழுகிறது. எல்லாச் சொல்லுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை.

அசைப் பிரிப்பு வாயால் சொல்வதற்கு உதவும். வேர்ப் பிரிப்பு மனத்தில் தங்குவதற்கு உதவும். வகுப்பில் நாம் முன்னதை மட்டும் செய்கிறோம். அதுவும் நம்மை அறியாமல் செய்கிறோம். ஆக்ஸிஜன் என்ற சொல்லை நாக்கு ஆக் – ஸிஜன் என்று வெட்டுகிறது. வேரோ ஆக்ஸி – ஜன். ஆக்ஸி என்றால் கிரேக்கத்தில் புளிப்பு, கூர்மை. ஜன் என்றால் பிறப்பிப்பது. நம்மூரில் சாதகம் எழுதுவோர் சொல்லும் ‘ஜனனம்’ என்ற வடசொல்லும் இதற்கு உடன்பிறந்தது. ஆக, ஆக்ஸிஜன் என்றால் புளிப்பைப் பிறப்பிப்பது, அமிலத்தின் தாய். லவாய்சியர் அப்படித்தான் நம்பினார், அதனால்தான் அந்தப் பெயரை வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜனே இல்லை என்பது 1810-இல் டேவியின் ஆய்வுகளால் தெளிவாயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சொல்லைப் பிரித்ததால், அறிவியல் எப்படித் தடுமாறி நடந்தது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்கிறோம். பாடநூலில் இதற்கு ஒரு வரி இடம் இல்லை.

நைட்ரஜனுக்கு வருவோம். நாக்கு நைட் – ரஜன் என்று சொல்கிறது. வேர் நைட்ர – ஜன். நைட்டர் என்றால் வெடியுப்பு! வெடியுப்பைப் பிறப்பிப்பது நைட்ரஜன். 1790-இல் சாப்டால் என்ற பிரெஞ்சு வேதியியலார் வைத்த பெயர் இது. கரிசல் காட்டில் பிறந்து, தீப்பெட்டி ஆபீசும் வெடி ஆபீசும் பார்த்து வளர்ந்த ஒருவனுக்கு இதைவிட நெருக்கமான சொல் வேறு இருக்க முடியுமா? பள்ளியில் எனக்கு நைட்ரஜன் என்பது காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும், எரியாத, எரியவும் விடாத ஒரு வாயு. அதே நைட்ரஜன்தான் உழவர் வீட்டில் தழைச்சத்து, வெடி ஆபீசில் வெடியுப்பு என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகுதான், அதுவும் அகராதி பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அகராதி என்றதும் நார்வே நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காற்றிலுள்ள நைட்ரஜனை மின்வில்லால் எரித்து உரமாக்கும் பிர்க்கலண்டு – ஐடு முறையைப் படித்தபோது, அது நார்வேயில் தோன்றியது என்று கண்டேன். அம்முறையைக் கொண்டு 1905-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். இன்று நோர்ஸ்க் ஹைட்ரோ என்று உலகறிந்த அந்த நிறுவனத்தின் முழுப் பெயரில் ‘குவெல்ஸ்டோஃப்’ என்று ஒரு சொல் இருந்தது. அதுதான் நைட்ரஜனுக்கு அவர்கள் வழங்கிய பெயர். குவெல் என்றால் மூச்சுத் திணறச் செய்தல். ஸ்டோஃப் என்றால் பொருள். ‘திணறப்பொருள்’ என்று நாம் சொல்லலாம். அதே போல ஹைட்ரஜன் அவர்களுக்கு ‘வான்ஸ்டோஃப்’, அதாவது நீர்ப்பொருள். ஆக்ஸிஜன் ‘சூர்ஸ்டோஃப்’, புளிப்புப்பொருள். பிற்காலத்தில் பாடநூல்களில் உலகப் பொதுப் பெயர்களுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அந்தப் பெயர்களைக் கேட்டவுடனேயே பாதிப் பாடத்தைக் கற்றிருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஆர்வம் மிகுந்து கைப்பேசியில் நார்வே மொழி அகராதியைத் துழாவினேன். நம் தொழிலுக்கு அவர்கள் என்ன சொல் வைத்திருக்கிறார்கள்? தீக்குச்சிக்கு ‘ஃபீர்ஸ்டிக்’. ஃபீர் என்றால் தீ, ஸ்டிக் என்றால் குச்சி. நம் சொல்லை அப்படியே பெயர்த்து வைத்தாற்போல் இருக்கிறது. தீப்பெட்டிக்கு ‘ஃபீர்ஸ்டிக்எஸ்கே’, தீ, குச்சி, பெட்டி என்று மூன்று சொல். நாம் குச்சியை விட்டுவிட்டுத் தீயையே பெட்டிக்குள் அடைத்துவிட்டோம். வாணவேடிக்கைக்கு அவர்கள் சொல் ‘ஃபீர்வெர்க்கெரி’, தீவேலை. இலங்கையிலிருந்து சென்று நார்வேயில் குடியேறிய தமிழர் பலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தீக்குச்சி, ஃபீர்ஸ்டிக் இரண்டையும் ஒன்றாகக் கற்பார்கள் அல்லவா?

அந்த மொழியிலும் நாக்கின் பிரிப்பும் வேரின் பிரிப்பும் மோதிக்கொள்கின்றன. இரவு வண்டிக்கு அவர்கள் ‘நட்டோக்’ என்கிறார்கள். இரவு என்பதன் ஈற்றில் இரண்டு ட் உண்டு. வண்டி என்பதன் முதலில் ஒரு ட் உண்டு. சேர்த்தால் மூன்று வரவேண்டும். மூன்று ஒரே எழுத்து அடுத்தடுத்து நிற்கக் கூடாது என்று ஒன்றைக் கெடுத்து இரண்டாக எழுதுகிறார்கள். ஆனால் வரியின் ஓரத்தில் இடம் போதாமல் சொல்லை உடைக்க நேர்ந்தால், கெட்டுப்போன அந்த எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்து, முதல் வரியில் இரண்டு, அடுத்த வரியில் ஒன்று என்று வைக்கிறார்கள். உடைக்கும் இடத்தில் வேர் முழுதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இவ்வளவு அக்கறை! தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சியை வகுத்துவைத்த நமக்கு இது புதிதன்று. மரம், வேர் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரம் கெடுகிறது. வெடி, உப்பு சேர்ந்து வெடியுப்பு ஆகும்போது யகர உடம்படுமெய் தோன்றுகிறது. ஆனால் அச்சில் வரியை உடைக்கும்போது நாம் இவை எதையும் கருதுவதில்லை. புள்ளியெழுத்து வரியின் முதலில் வரக்கூடாது. அது ஒன்றுதான் நம் அச்சகங்களின் விதி. மற்றபடி எங்கே இடம் முடிகிறதோ அங்கே வெட்டு.

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டும் லேபிள்களை அச்சிட்டே அச்சுத் தொழிலில் பெயர்பெற்ற ஊர் சிவகாசி. அங்கே இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். செய்தித்தாளில் ‘போக்குவரத்து’ என்பதை எங்கே உடைத்தால் யாருக்கு என்ன நட்டம்? யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் ஓர் இடத்தில் நட்டம் உண்டு. கடந்த கோடை விடுமுறையில், தீப்பெட்டித் தொழிலுக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் இரசாயனம் விற்கும் ஒரு கிடங்கில் கணக்கெழுதப் போயிருந்தேன். பீப்பாய்களின் மேல் தமிழில் பெயர் அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தார்கள். தமிழில் இருந்தது பாராட்டத்தக்கது. தாள் அகலம் குறைவு. ஆகவே ஒரு பீப்பாயில் மேல் வரியில் ‘பொட்டாசியம்’, கீழ் வரியில் ‘குளோரேட்’. அடுத்த பீப்பாயில் மேல் வரியில் ‘பொட்டாசியம் பெர்’, கீழ் வரியில் ‘குளோரேட்’. கீழ் வரி பெரிய எழுத்து. மங்கலான வெளிச்சத்தில் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று.

வேதியியல் மாணவர் அல்லாத நண்பர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். குளோரைடு, குளோரைட்டு, குளோரேட்டு, பெர்குளோரேட்டு என்பவை ஓசையில் அண்ணன் தம்பிகள். குளோரைடில் ஆக்ஸிஜன் இல்லை. பொட்டாசியம் குளோரைடு வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரம். குளோரைட்டில் ஆக்ஸிஜன் அணு இரண்டு, குளோரேட்டில் மூன்று, பெர்குளோரேட்டில் நான்கு. ‘பெர்’ என்ற இலத்தீன் முன்னொட்டுக்கு ‘முற்றிலும்’ என்று பொருள். ஆக்ஸிஜன் முற்ற நிறைந்தது என்று கொள்ளலாம். ஒன்று கூடியதால் நான்காவது இன்னும் ஆபத்தானது என்று நினைக்கத் தோன்றும். நடப்பில் நேர்மாறு: குளோரேட்டுதான் அடங்காப்பிடாரி. கந்தகத்தோடு கலந்த குளோரேட்டு உரசலுக்கும் அடிக்கும் பொறுக்காது. தானே பற்றிக்கொள்ளவும் கூடும். அதனால்தான் பட்டாசில் இந்தச் சேர்க்கையை வெடிபொருள் விதிகள் தடுக்கின்றன. ‘பெர்’ என்ற ஓரசைக்கு இந்த வேலை இருக்கிறது. அதைக் கொண்டுபோய் வேறு வரியில், வேறு சொல்லின் வாலில் ஒட்டிவைப்பது சரியா?

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தை நம் மாவட்டத்தில் மறந்தவர் இல்லை. அந்த விபத்துக்கோ வேறு விபத்துக்கோ சொல்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. உராய்வும் வெப்பமும் அவசரமும் நெரிசலும் காரணங்களாக இருக்கின்றன. ஆனால் மருந்து கலப்பவர் கையில் கொடுக்கும் பொருளின் பெயரைப் பிழையில்லாமல் படிக்கும்படி அச்சிடுவதற்குப் பணம் செலவாகாதே!

மருந்து என்ற சொல்லையே பாருங்கள். வெடி ஆபீசிலிருந்து வரும் என் அம்மா, “கையில மருந்து ஒட்டியிருக்கு, கழுவிட்டு வாரேன்” என்பார். சிறு வயதில் எனக்கு அது காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்தாகவே பட்டது. உயிரைக் காப்பதற்கும் எடுப்பதற்கும் ஒரே சொல்லா என்று பிறகு வியந்ததுண்டு. நாம் மட்டும் இல்லை. சீன மொழியில் வெடிமருந்துக்குப் பெயர் ‘ஹுவோயாவ்’. தீ, மருந்து என்ற இரண்டு சொற்களின் கூட்டு. வெடிமருந்தைக் கண்டவர்களே அவர்கள்தாம். நார்வே மொழியில் வெடிமருந்துக்கு ‘க்ருட்’ என்று பெயர். ஜெர்மனியின் வடபகுதிப் பேச்சிலிருந்து அங்கே சென்ற சொல். அதன் மூலப்பொருள் பச்சிலை, மூலிகை. சீனத்தில் மருந்து, நார்வேயில் மூலிகை, சிவகாசியில் மருந்து. இடித்து, சலித்து, அளந்து, பக்குவமாகக் கலப்பது மருந்துக்கடைக்காரரும் வெடி செய்பவரும் ஒருங்கே செய்யும் வேலை என்பதால் இப்படி அமைந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். எப்படியாயினும், எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி வாயில் இருந்த சொல்லுக்குச் சீனத்திலும் வடதுருவத்தின் ஓரத்திலும் உறவு முறை இருக்கிறது.

இனி எதிர்வாதம். சில ஆசிரியர்கள், “பெயரில் என்ன இருக்கிறது, வினையைப் படி” என்கிறார்கள். பாடத்திட்டம் பெரிது, பருவத் தேர்வு அருகில் என்றும் சொல்கிறார்கள். அவர்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த மாணவனுக்கு ‘ஹைப்போ’ என்றால் கீழ் என்பது எங்கோ காதில் விழுந்திருக்கும். எங்களைப் போல் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்கு அது ஓர் ஓசை மட்டுமே. நூறு ஓசைகளை மனப்பாடம் செய்வதைவிட இருபது வேர்களைக் கற்பது எளிது. 1787-இல் லவாய்சியரும் அவருடைய மூன்று நண்பர்களும் வேதியியல் பெயரிடு முறையை வகுத்ததே, பெயரைப் பார்த்தவுடன் உள்ளே இருப்பது தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே! திறந்து பார்க்கச் செய்த பெட்டியை நாம் பூட்டியே வைத்திருக்கிறோம்.

தமிழில் இதற்கு முன்னோடிகளும் உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1875-இல் ‘கெமிஸ்தம்’ என்று ஒரு வேதியியல் நூலைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். நூறாண்டு கடந்தும் நம் வகுப்பில் சொல் இன்னும் பிரிக்கப்படவில்லை.

மற்றொரு புறம், பிரிக்கத் தெரிந்தவர்கள் அளவு மீறிப் போவதும் எனக்கு உடன்பாடன்று. எல்லாச் சொல்லையும் தமிழ்க் கத்தியால் வெட்டினால் விபரீதம்தான் மிஞ்சும். மத்தாப்பு என்பதை மத்து, ஆப்பு என்று பிரித்து ஒரு கதை கட்டிவிடலாம். உண்மையில் அது ‘மஹ்தாப்’ என்ற பாரசீகச் சொல். மஹ் என்றால் நிலா, தாப் என்றால் ஒளி. நிலவொளி! கம்பி மத்தாப்புக்கு இதைவிட அழகான பெயர் கிடைக்குமா? வாணம் வடமொழியில் அம்பைக் குறிக்கும் பாணம். புஸ்வாணத்தின் ‘புஸ்’ மட்டும் அசல் வாய்ச்சத்தம். ராக்கெட் இத்தாலிய மொழியில் நூல் நூற்கும் சிறு கோலின் பெயர். பருத்தி விளையும் மண்ணில் அது வானத்தில் பறப்பது பொருத்தமே. ஸ்ட்ரான்ஷியம் என்ற சொல்லைப் பிரித்தால் ஸ்காட்லாந்தில் ஒரு சிற்றூர்தான் வரும்.

பேரியம் நமக்கெல்லாம் தெரிந்த சொல். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்த பிறகு தேநீர்க் கடையிலும் அது புழங்குகிறது. பேரியம் என்றால் கனமானது. உடனே ‘பாரம்’ என்று நாம் துள்ளிக் குதிப்போம். இல்லை; பாரம் சுமத்தல் என்ற வேறு வேரிலிருந்து வந்தது. பேரியத்தின் கிரேக்க வேருக்கு உண்மையான உறவு ‘குரு’ என்ற வடசொல். அதற்கும் கனம் என்பதே முதற்பொருள். ஓசை ஒப்புமையை நம்பினால் உறவுக்காரரை விட்டுவிட்டு வழிப்போக்கரைக் கட்டிக்கொள்வோம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பச்சை, பசுமை இரண்டுக்கும் வேர் ஒன்று. ஆனால் பேரியத்தால் பச்சை ஒளி வீசும் மத்தாப்பு ‘பசுமைப் பட்டாசு’ ஆகாது! வேர் தெரிந்தால் மட்டும் போதாது, வழக்கும் தெரிய வேண்டும் என்பதற்கு இது ஒன்று போதும்.

வழக்கைத் தெரிந்துகொள்ள மக்களிடம்தான் போக வேண்டும். நார்வேயில் ஈவார் ஓசென் (1813–1896) என்று ஒருவர் இருந்தார். சிறு குடியானவர் வீட்டுப் பிள்ளை. டென்மார்க்கின் ஆட்சியில் பல நூற்றாண்டுகள் இருந்ததால் அங்கே படித்தவர் எழுத்து மொழியே டேனிஷ் ஆகிவிட்டது. அவர் ஊர் ஊராக நடந்து, உழவரும் மீனவரும் பேசிய சொற்களைத் தொகுத்து, 1848-இல் இலக்கணமும் 1850-இல் அகராதியும் வெளியிட்டார். அவற்றின்மேல் எழுந்ததுதான் அந்நாட்டின் இரண்டு எழுத்து மொழிகளில் ஒன்று. நம் கரிசலுக்கு இடைசெவல் கி. ராஜநாராயணன் அந்தப் பணியைச் செய்தார். அவருடைய வட்டார வழக்குச் சொல்லகராதி 1982-இல் வந்தது.

நம் வேதியியல் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து ஒரு சிறு கையேடு தயாரிக்கலாம். ஒரு பக்கத்தில் பாடநூல் சொல், வேர் பிரித்தபடி. எதிர்ப்பக்கத்தில் அதே பொருளுக்குத் தொழிற்கூடத்தில் வழங்கும் சொல். கூடவே பீப்பாயில் ஒட்டும் தாளுக்கு மாதிரி ஒன்றும் வேண்டும். மேல் வரியில் ‘பொட்டாசியம்’ மட்டும். கீழ் வரியில் ‘பெர்குளோரேட்டு’ உடையாமல். முன்னொட்டுக்கு மட்டும் சிவப்பு மை. நான் இதுவரை அறுபது சொற்களை ஒரு நோட்டில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவை அம்மாவிடமும் தெருவிலுள்ள பெரியவர்களிடமும் கேட்டவை. வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ் வேலைக்குப் போகும் வீடுகளிலிருந்து வரும் தோழர்கள் ஒவ்வொருவரும் பத்துச் சொல் கொண்டுவந்தாலே கையேட்டுக்குப் போதும். ஒரு தாளில் சொல், அதைச் சொன்னவர் செய்யும் வேலை, எந்த ஊர் என்ற மூன்றையும் எழுதி வேதியியல் கூடத்து மேசையில் வைத்தால், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் எடுத்துப் படியெடுத்துவிடுவேன்.